அந்த 25 மதிப்பெண் உங்கள் கையில்தான் இருக்கிறது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைவுபெற்ற சிறு கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் ஆங்கிலத் துறைத் தலைவர்களுக்கும். நகல், பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு.

வணக்கம்.

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்து, ஆறு செமஸ்டரையும் அரியர் இல்லாமல் முடித்து, முதல் வகுப்பில் தேறி வெளியே வரும் ஒருவர் ‘மேக்பெத்’ நாடகத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியிருக்கத் தேவையில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வினாத்தாளின் கணக்கு அப்படி. எக்ஸ்டர்னல், அதாவது பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு, 75 மதிப்பெண். அதில் பல பல்கலைக்கழகங்களில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று. தேர்ச்சிக்கு வேண்டியது 30. சின்ன வினா பத்தும் சரியாக இருந்து, ஒரே ஒரு கட்டுரையும் பழுதில்லாமல் அமைந்தால் 30 வந்துவிடும். அந்தப் பத்து விடையும் கைடில் இருக்கின்றன. கட்டுரையும் இருக்கிறது. நாடகம் மட்டும்தான் கைடில் இல்லை.

இந்த 75ஐ ஒரு சிறு கல்லூரி ஒன்றும் செய்துவிட முடியாது. வினாத்தாள் எங்கிருந்தோ வருகிறது, விடைத்தாள் எங்கோ போகிறது. ஆனால் மீதி 25, அதாவது இன்டர்னல், முழுக்க உங்கள் துறைக்குள் நடப்பது. பாடத்திட்டம் மாறட்டும், ஆள் போடட்டும், கட்டடம் வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த 25ஐ வைத்தே மாணவரின் கையில் மூலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அதற்கு என்னென்ன வேண்டும், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்த மடல். சிறு கல்லூரிகளில் இந்தப் பட்டத்துக்குப் பாடம் எடுப்பவர்கள், வினாத்தாள் எழுதுபவர்கள், விடைத்தாள் திருத்தும் வேல்யூஷன் மேசையில் உட்காருபவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். ஆறு நாளுக்கு ஒருமுறை கால அட்டவணை திரும்பச் சுழலும் டே ஆர்டர் என்றால் 15 சுற்று. ஒரு மேஜர் பேப்பருக்கு, அதாவது முதன்மைப் பாடத் தாளுக்கு, சுற்றுக்கு 5 ஹவர் என்று வைத்தால் 75 ஹவர். இரண்டு இன்டர்னல் தேர்வு, ஒரு மாடல், விளையாட்டு விழா, கல்லூரி நாள், திடீர் விடுமுறை என்று 15 நாளைக் கழித்தால் கையில் நிற்பது 62 ஹவர். ஐந்து யூனிட்டுக்குப் பங்கிட்டால் யூனிட்டுக்கு 12. ‘மேக்பெத்’ ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே சிறியது. அதுவே சுமார் 2,100 வரி. சொல் சொல்லாகப் பொருள் சொல்லி நடத்தினால் ஒரு ஹவரில் 60 வரி தாண்டாது. அப்படியானால் 35 ஹவர். அந்தத் தாளில் மற்ற நாடகங்களும் இருக்கும். ஆகவே ஆசிரியர் முதல் அங்கத்தை மட்டும் வரிவரியாக நடத்துகிறார், நாள் ஓடிவிடுகிறது, மீதி நான்கு அங்கத்தையும் ஒரே வாரத்தில் கதையாகச் சொல்லி முடிக்கிறார். வரிவரியாக நடத்த வேண்டிய ‘டீடெயில்ட்’ என்று சிலபஸில் போட்டிருப்பது நடைமுறையில் பாதியில், கதை மட்டும் சொல்லும் ‘நான்-டீடெயில்ட்’ ஆகிவிடுகிறது.

எதை விடுவது என்று ஜூனிலேயே தீர்மானித்துவிட்டால் இந்த நெருக்கடி வராது. ‘மேக்பெத்’துக்கு எங்கள் தேர்வு ஏழு காட்சிகள்: முதல் அங்கத்தில் 3, 5, 7, இரண்டில் 2, மூன்றில் 4, அதாவது விருந்தில் பேங்கோவின் ஆவி வந்து உட்காரும் காட்சி, ஐந்தில் 1, 5. மொத்தம் 650 வரியை ஒட்டி வரும். 11 ஹவரில் நிதானமாக வாசிக்கலாம். மற்றக் காட்சிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு வரியில் கதைச் சுருக்கம் போதும். அதை அச்சிட்டே கொடுத்துவிடலாம், அதற்கு ஹவர் வேண்டாம். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியைத் தவிர்ப்பது ஏன் என்று கேட்பீர்கள். இரத்தம் வழியும் படைத்தலைவனின் அந்த நீண்ட பேச்சில்தான் பாதி வகுப்பு நாடகத்தைக் கைவிடுகிறது. அதைக் கடைசியில், மற்றதெல்லாம் பழகிய பிறகு, வாசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிரதி. நூலகத்தில் இரண்டு பிரதி, 40 பேர் வகுப்பு என்றால் வாசிப்பு நடக்காது. ஆளுக்கொரு தொகுப்பு வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் முடிந்தால் படைப்பு பொதுவுடைமை. ஷேக்ஸ்பியர், மில்டன் மட்டுமல்ல, 1941இல் இறந்த வர்ஜீனியா உல்ஃப், 1950இல் இறந்த ஆர்வெல் எல்லாம் நம் நாட்டில் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டார்கள். டி.எஸ். எலியட் இறந்தது 1965 ஜனவரியில்; 2026 ஜனவரி 1 முதல் அவரும் இந்தக் கணக்கில் வந்துவிட்டார். ஆர்.கே. நாராயண், கமலா தாஸ் போன்றவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது: ஆசிரியர் கற்பிக்கும் பொருட்டுப் பகுதிகளைப் படியெடுப்பதற்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ஏற்றது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதியைத் தொகுக்கத் தயங்க வேண்டியதில்லை. முழு நாவலை அச்சடித்து விற்பதற்கு இது அனுமதி ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ஒரு தாளுக்கு 120 பக்கத் தொகுப்பு தாராளம். இரு பக்கமும் அடித்தால் 60 தாள். பக்கத்துக்கு 1 ரூபாய், ஸ்பைரல் பைண்டிங்குக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பிரதிக்கு 160. 40 பேருக்கு 6,400 ரூபாய். இதை நூலக நிதியிலிருந்து கொடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, பிள்ளைகளே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு பேச்சு எழும். அந்த ஆயிரத்துக்கு ஏற்கெனவே வீட்டில் ஐந்து வேலை காத்திருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

தொகுப்பைத் தயாரிப்பதில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். முதலாவது, பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் ஷேக்ஸ்பியரின் பழைய ஃபோலியோ அச்சுப்பதிப்பின் எழுத்துக்கூட்டிலும் பிரதிகள் உண்டு. ‘வி’ வரவேண்டிய இடத்தில் ‘யு’வும், ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’யும் நிற்கும். அவசரத்தில் அதை இறக்கி அச்சுக்குக் கொடுத்தால் அந்த செமஸ்டர் போயிற்று. இரண்டாவது, வரி எண் இல்லாமல் அடிப்பது. ஐந்து வரிக்கு ஒரு எண் கட்டாயம் வேண்டும். ‘அந்த நடுவுல இருக்கற வரி’ என்று தேடுவதில் ஒவ்வொரு ஹவரிலும் பத்து நிமிடம் கரையும். மூன்றாவது, ஓரத்தில் இடம் விடாதது. வலது பக்கம் இரண்டு அங்குலம் வெறுமையாக விடுங்கள், மாணவர் தமிழில் குறிப்பு எழுதுவதற்கு.

தமிழிலா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இந்த மடலில் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இதுதான்.

சிறு கல்லூரி ஆங்கில வகுப்பில் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தவறான வேலைக்கு இருக்கிறது. கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு அதன் கதையைத் தமிழில் சொல்வதற்கு. அதன்பின் மாணவர் கவிதைக்குத் திரும்புவதே இல்லை, கதை தெரிந்துவிட்டதே. தமிழை மூலத்துக்கு மாற்றாக வைக்காமல், மூலத்தைத் திறக்கும் சாவியாக வைத்துப் பாருங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு, ஆங்கிலமே தாய்மொழியான இன்றைய பிள்ளைக்கு இல்லாத சில காதுகள் உண்டு.

‘ஹாம்லெட்’ மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. தாயின் அறைக்கு மகன் வருகிறான். அரசி சொல்கிறாள்: “ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்.” மகன் பதில்: “மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்.” இன்றைய ஆங்கிலத்தில் ‘தௌ’ செத்துப்போய்விட்டது, லண்டன் மாணவனுக்கு அடிக்குறிப்பு வேண்டும். நம் பிள்ளைக்கு வேண்டாம். தாய் மகனை ‘நீ’ என்கிறாள், மகன் தாயை ‘நீங்கள்’ என்கிறான், அவ்வளவுதான். “நீ உன் அப்பா மனசை ரொம்ப நோகடிச்சிட்ட.” “அம்மா, நீங்க என் அப்பா மனசை ரொம்ப நோகடிச்சிட்டீங்க.” இரண்டு ‘அப்பா’வும் ஒருவர் அல்லர் என்பதை வகுப்பே கண்டுபிடிக்கும்: அவள் சொல்வது புதுக் கணவனை, இவன் சொல்வது செத்துப்போன அரசனை. இப்போது அடுத்த வரியைக் காட்டுங்கள். அரசி: “கம், கம், யூ ஆன்சர் வித் அன் ஐடில் டங்.” வீண்பேச்சு பேசுவதாகக் கடிகிறாள். சற்று முன் ‘நீ’ என்றவள் இப்போது ‘யூ’வுக்கு மாறிவிட்டாள். ஏன் என்று வகுப்பைக் கேளுங்கள். கோபம் வந்தால் நம் வீட்டு அம்மா பிள்ளையைப் பார்த்து “சரிங்க சார், நீங்க சொன்னா சரிதான்” என்று சொல்வாளே, அந்தக் குளிர்ச்சி. மூன்று வரி, பதினைந்து நிமிடம். கைடில் இந்தக் காட்சிக்கு ஒரு பத்தி கதை இருக்கும், இது இருக்காது.

இன்னொன்று, மில்டன். அவருடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தில் முதல் புத்தகத்தின் தொடக்கம் மாணவர்களைத் துரத்திவிடும் பகுதி என்று பெயர் எடுத்தது. காரணம் சொற்கள் மட்டுமல்ல. மனிதனின் முதல் கீழ்ப்படியாமை, விலக்கப்பட்ட மரத்தின் கனி, அதனால் உலகத்துக்கு வந்த சாவு, துயரம், ஏதேனை இழந்தது என்று ஐந்து வரி போய்க்கொண்டே இருக்கிறது, வினை வரவில்லை. ஆறாம் வரியில்தான் ‘சிங்’, பாடு, என்று வருகிறது. ஆங்கிலக் காதுக்கு இது மூச்சுத்திணறல். வினைமுற்றைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு என்ன திணறல்? “மனிதனின் முதல் கீழ்ப்படியாமை பற்றி, அந்த மரத்தின் கனி பற்றி... தேவ கலைமகளே, பாடு.” அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. ‘பதம் பிரி, கொண்டுகூட்டு, பொருள் சொல்’ என்று பள்ளித் தமிழ் ஐயா செய்யுளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வேலை. காப்பியத்தின் தலையில் வாழ்த்து நிற்பதையும் நாம் விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பழகிய சங்கதி.

அங்கேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. இரண்டாம் வரியில் ‘மார்ட்டல் டேஸ்ட்’ என்று வருகிறது. மாணவர் போனில் அகராதியைத் தட்டுவார். ‘மார்ட்டல்: மனிதன், இறக்கக்கூடிய’ என்று வரும். ‘மனிதச் சுவை’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்வார். அங்கே பொருள் ‘கொல்லும் சுவை’, சாவைக் கொண்டுவரும் சுவை. போன் அகராதி இன்றைய முதல் பொருளைத்தான் முதலில் காட்டும். நானூறு வருடப் பழைய நூலுக்கு நான்காவது ஐந்தாவது பொருள்வரை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதை முதல் செமஸ்டரிலேயே ஒரு ஹவர் ஒதுக்கிக் கற்றுக்கொடுங்கள். பக்கத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் அடிக்குறிப்பு போடாதீர்கள். அதற்கு மேல் போனால் மாணவர் குறிப்பை மட்டும் படிப்பார்.

இனி அந்த 25க்கு வருவோம். இப்போது அது எப்படிப் போகிறது? இரண்டு தேர்வு, ஓர் அசைன்மென்ட், ஒரு செமினார், வருகைப்பதிவு. தேர்வு என்பது எக்ஸ்டர்னலின் குட்டிப் பிரதி. செமினார் என்பது ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பது. அசைன்மென்ட் ஏ4 தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட்டு வருகிறது. பார்டர் அழகாக இருக்கும். உள்ளே இருப்பது முன்பு இணையத்திலிருந்து வந்தது, இப்போது சாட்ஜிபிடியிலிருந்து வருகிறது. 40 அசைன்மென்ட்டையும் யாரும் வாசிப்பதில்லை என்பது எழுதுபவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

அசைன்மென்ட், செமினார் இரண்டுக்கும் உள்ள மதிப்பெண்ணை எடுத்து, வகுப்பிலேயே கையால் எழுதும் ஐந்து பத்திகளுக்குக் கொடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று. முந்தைய ஹவரில் வாசித்த பகுதியிலிருந்து நான்கு அல்லது ஆறு வரியைக் கரும்பலகையில் எழுத வேண்டியது. தொகுப்பு கையில் இருக்கலாம், போன் பைக்குள். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும்: ‘இந்த வரிகளில் எந்தச் சொல் உங்களை நிறுத்தியது, அது என்ன செய்கிறது?’ 25 நிமிடம், 120 முதல் 150 சொல். ‘ஷேக்ஸ்பியர் உலகின் தலைசிறந்த நாடக ஆசிரியர்’ என்று தொடங்கும் பத்திக்கு முதல் வாக்கியத்தை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மூன்றாம் பத்திக்குள் அந்தப் பழக்கம் போய்விடும்.

திருத்தும் சுமைதானே கேள்வி? 40 பேர், ஐந்து பத்தி, பத்திக்கு மூன்று நிமிடம்: 600 நிமிடம், பத்து மணி நேரம், ஒரு செமஸ்டருக்கு. ஒவ்வொரு பத்திக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள்: மேற்கோளைப் பிழையில்லாமல் எடுத்தாண்டதற்கு 1, சொல் என்ன செய்கிறது என்று சொன்னதற்கு 2, வினையும் காலமும் சரியாக இருப்பதற்கு 1, மனப்பாட வாக்கியம் இல்லாததற்கு 1. எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். தாள் முழுக்கச் சிவப்பைப் பார்த்தவர் அதைத் திரும்ப வாசிப்பதே இல்லை. ஒரு பத்திக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பிடியுங்கள்.

எந்தப் பிழை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், ஏனெனில் அவை தமிழிலிருந்து வருபவை. ‘டிஸ்கஸ் அபவுட்’: நாம் ஒன்றைப் ‘பற்றி’ விவாதிப்பதால் அந்தப் ‘பற்றி’ கூடவே போகிறது. ‘த’ காணாமல் போவது: நமக்கு அப்படியொரு ஒட்டுச்சொல் கிடையாது, ‘அந்த’ என்று சுட்ட வேண்டியபோதுதான் சுட்டுவோம். கதையை இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்தில் முடிப்பது: இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுவது ஆங்கில மரபு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் மாணவர் தன் பிழையைத் தானே பிடிப்பார். ‘கிராமர் வீக்’ என்று மட்டும் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒலியியல் தாளைப் பற்றி இரண்டு வார்த்தை. 44 ஒலி, அதில் 24 மெய், 20 உயிர் என்று எழுதத் தெரியும். பேச்சுறுப்புப் படம் வரையத் தெரியும். ‘பேக்’ என்று சொன்னால் மூட்டை கட்டுவதா, முதுகா, பையா என்று கேட்பவருக்குப் புரியாது. நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இரண்டு வேலை பார்ப்பதால் வரும் குழப்பம் இது. வாரம் பத்து நிமிடம், தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு, அதிர்வு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று 20 ஜோடிச் சொற்கள். கூடவே ‘எம்’முக்கு முன் ஒட்டிக்கொள்ளும் ‘ய்’, ‘புக்’குக்குப் பின் ஒட்டிக்கொள்ளும் ‘உ’ இரண்டையும் கழற்றுவது. இந்தத் தாளின் இன்டர்னலில் ஐந்து மதிப்பெண்ணைப் போனில் பதிந்து அனுப்பும் இரண்டு நிமிடக் குரல்பதிவுக்குக் கொடுக்கலாம். பின்னணியில் பேருந்து ஹாரன் கேட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். விடுதியிலும் வீட்டிலும் அமைதியான அறை எல்லாருக்கும் கிடையாது.

முதல்வர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத் துறைக்கு ஆள் போதவில்லை என்றால் ‘உங்கள் மேஜரில் மொத்தமே 120 பேர்தானே’ என்று கேட்கிறீர்கள். மற்றத் துறை மாணவர்களும் படிக்கும் பார்ட் டூ ஆங்கிலத்தை மறந்துவிட்டுப் போடும் கணக்கு அது. எட்டு இளநிலைத் துறை, முதல் இரண்டு வருடமும் பார்ட் டூ, வாரம் 6 ஹவர் என்றால் 96 ஹவர். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 ஹவர். மேஜரில் ஒரு வகுப்பும் எடுக்காமலே ஆறு பேர் தீர்ந்துவிட்டார்கள். பத்துப் பேர் உள்ள ஆங்கிலத் துறையைச் சிறு கல்லூரியில் நாங்கள் அதிகம் கண்டதில்லை. ஆளை உடனே போட முடியாது என்பது தெரியும். காசு கேட்காத இரண்டு காரியம் செய்யலாம். ஒவ்வொரு மேஜர் தாளுக்கும் சுற்றுக்கு ஒருமுறை இரண்டு ஹவரை அடுத்தடுத்து வையுங்கள், வாசிக்கவும் எழுதவும். அதைக் கடைசி ஹவரில் வைக்காதீர்கள். நாலு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களின் கண் மூன்றரைக்கே வாசலுக்குப் போய்விடும். செமஸ்டர் நடுவில் கெஸ்ட் லெக்சரரை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு மாற்றாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

மூன்றாம் ஆண்டு மாணவருக்கு யாரும் சொல்லாத தேதி ஒன்று உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் எம்.ஏ. சேர கியூட்-பிஜி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 75 வினா, தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். 2024லும் 2025லும் விண்ணப்பம் பிப்ரவரி முதல் பாதியிலேயே முடிந்துவிட்டது. ஆறாம் செமஸ்டர் ரிசல்ட் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று ஜூன்வரை இருப்பவருக்குக் கதவு மூடி நான்கு மாதம் ஆகியிருக்கும். டிசம்பரிலேயே அறிவிப்புப் பலகையில் போடுங்கள், வகுப்பிலும் போய்ச் சொல்லுங்கள். பி.எட். பக்கம் போகிறவர்களுக்கு, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாளில் 150க்கு 60 மதிப்பெண் சமூக அறிவியல் அல்லது கணிதம்-அறிவியல் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்; ஆங்கிலப் பட்டதாரி என்பதால் அந்தப் பகுதி விலகிவிடாது. உங்கள் பட்டத்தின் பெயர் வெறும் ‘ஆங்கிலம்’ என்று இல்லாமல் வேறு ஒட்டோடு இருந்தால், அதை ஆங்கிலப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் சமநிலை அரசாணை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நகலைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நிற்கும்போது அதைத் தேடி அலையக் கூடாது.

பாடத்திட்டக் குழுவினருக்கு இரண்டே வேண்டுகோள். ஒன்று, முன்பு கவிதைத் தாளிலும் ஷேக்ஸ்பியர் தாளிலும் இருந்த அனொட்டேஷனை, அதாவது சில வரிகளைக் கொடுத்து விளக்கச் சொல்லும் வினாவை, திருப்பிக் கொண்டுவாருங்கள், ஆனால் பழைய மாதிரி வேண்டாம். யார் யாரிடம் சொன்னது என்று மட்டும் கேட்டால் கைடு அதற்கும் விடை அடித்துவிடும். ஆறு வரியைத் தாளிலேயே அச்சிட்டு, அதில் ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். ஐந்து மதிப்பெண் வினா ஐந்தில் இரண்டை இப்படி மாற்றினால் போதும். மொத்த மதிப்பெண்ணோ நேரமோ மாறாது. விடைக்குறிப்பில் ‘நியாயமான எந்த வாசிப்புக்கும் மதிப்பெண் தரலாம்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வேல்யூஷனில் நல்ல விடைதான் முதலில் அடிபடும். மற்றொன்று, சிலபஸில் கவிதையின் பெயரோடு எந்தப் பதிப்பு, எந்த வரியிலிருந்து எந்த வரிவரை என்று போடுங்கள். ஒரு நீண்ட கவிதையின் பெயரை மட்டும் போட்டுவிட்டால், ஒரு கல்லூரி முதல் நூறு வரியை நடத்தும், இன்னொன்று கடைசி நூறை. வினாத்தாள் எழுதுபவர் நடுவிலிருந்து கேட்பார்.

முதல் வருடம் எல்லாத் தாளிலும் இதைச் செய்ய முயல வேண்டாம், முறிந்துவிடும். ஒரே ஒரு மேஜர் தாள், அதை எடுக்க விருப்பப்படும் ஓர் ஆசிரியர், 40 பிரதி. பகுதிகளை ஏப்ரல் விடுமுறைக்கு முன் தேர்ந்தெடுத்துவிட்டால் வரி எண் போட்டுத் தட்டச்சு செய்து, ஒருமுறை மெய்ப்புப் பார்க்க மே மாதம் இருக்கிறது. மே கடைசி வாரத்துக்குள் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிடும்; மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் என்று கடை வாசலில் வரிசை நிற்கும். 120 பக்கம் இருபுறம் 40 செட் என்று அப்போது போய் நின்றால் கடைக்காரர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

இப்படிக்கு,
சிறு கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் சிலர்